பன்னிரண்டாம் தடுப்பில் காற்று

காலையில் அடுப்பில் டீ கொதிக்கும் முன்பே அந்த வீட்டில் ஒரு சத்தம் கேட்டாக வேண்டும். கொட்டகையின் பக்கக் கதவில் இரும்புத் தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம். அது கேட்டால் மாமனார் எழுந்துவிட்டார், கதவைத் திறந்துவிட்டார், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். அவருடைய முழங்கால்கள் இரண்டும் என்றைக்கோ வேலையை விட்டு நின்றுவிட்டன. தீவன மூட்டை தூக்குவது போயிற்று, தடுப்பு கழுவுவது போயிற்று, குட்டி பிடிப்பதும் போயிற்று. மிச்சம் இருந்தது இந்தக் கதவு ஒன்றுதான். விடிந்ததும் திறப்பார், பொழுது சாய்ந்ததும் மூடுவார், நடுவில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அங்கேயே காவல் இருப்பார். தெருவில் அவருக்குக் கதவுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வாயில்லா ஜீவனுக்குத் தீனி, தண்ணி எல்லாம் அப்புறம். மொதல்ல மூச்சு" என்பார்.

பேச்சு நியாயமான பேச்சுதான். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மருமகள் தையல்காரி. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மிஷின். பள்ளிக்கூட யூனிஃபார்ம் கட்டுக் கட்டாக வரும்; தைத்து, பித்தான் வைத்து, மடித்து அனுப்புவாள். காலையிலும் மாலையிலும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவனுடைய பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் இறங்கிவிடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் வாசலிலேயே வாந்தி எடுத்தவள்தான். ஏழு வருஷத்தில், எந்தக் குட்டி எந்தத் தடுப்பைச் சேர்ந்தது என்று காதைப் பார்த்தே சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

பன்றி என்றாலே அழுக்கு என்று மூக்கைப் பொத்துகிறவர்கள் அந்தக் கொட்டகையை ஒரு தரம் வந்து பார்க்க வேண்டும். எட்டு வைத்து நடந்தால் நாற்பது எட்டு நீளம். ஒரே வரிசையில் பன்னிரண்டு தடுப்புகள், ஓரமாக நடைபாதை. வீட்டுப் பக்கத்துக் கடைசிச் சுவரில் ஆள் உயர ஃபேன் மூன்று. உள்ளே இருக்கிற காற்றை இழுத்து வெளியே தள்ளும். எதிர்க்கோடியில், பன்னிரண்டாம் தடுப்பை ஒட்டிய சுவரில், புதுக் காற்று உள்ளே வர நாலு பலகை ஜன்னல்கள். கதவு இருந்தது ஃபேன்களுக்குப் பக்கத்தில், ஐந்து எட்டுத் தூரத்தில், அடுப்படியைப் பார்த்தபடி. பன்றியைப் போலச் சுத்தம் பார்க்கிற பிராணி கிடையாது. படுக்க ஓர் இடம், கழிக்க ஓர் இடம் என்று தானே பிரித்து வைத்துக்கொள்ளும். இடமும் காற்றும் கெட்டால்தான் அது முறை தவறும்.

அந்தக் கோடையில் பன்னிரண்டாம் தடுப்பு முறை தவறியது. பால் மறந்த குட்டிகள் இருபத்திரண்டு அதில் இருந்தன. படுக்கிற இடத்திலேயே கழித்து, அதிலேயே புரண்டன. காலையில் ஒழுங்காக ஒருக்களித்துப் படுத்திருப்பவை, பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாக எழுந்து நாய் மாதிரிப் பின்னங்காலில் உட்கார்ந்து, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு இருமும். ஒன்றின் வாலை ஒன்று கடித்தது. இரண்டு செத்தும் போயின. வெயில் அப்படி என்றார்கள் எல்லோரும்.

குட்டிகளைக் கொடுத்து வளர்க்கச் சொல்கிற கம்பெனியிலிருந்து டாக்டரம்மா வந்தாள். சிறு பெண்தான், ஆனால் வந்ததும் நின்றுகொண்டு பேசவில்லை. பன்னிரண்டாம் தடுப்புக்குள் இறங்கி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கையடக்க மீட்டரைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்தாள்.

"முப்பத்தெட்டு" என்றாள். "அமோனியா. கண்ணு கரிக்குது பாருங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே டாக்டர்" என்றான் கணவன்.

"தெரியாது. உங்க மூக்கு பழகிப் போச்சு. அதோட உங்க மூக்கு அஞ்சடி உயரத்துல இருக்கு. அதுங்க மூக்கு எங்க இருக்கு?"

"நான் என்ன பண்ணட்டும்? மூணு ஃபேனும் ஓடுது. கதவும் விடிஞ்சதுலேருந்து திறந்தே கிடக்கு. இனிமே கூரையைத்தான் பிரிக்கணும்."

டாக்டரம்மா மீட்டரைத் துடைத்து உறையில் போட்டாள். "பதினஞ்சு நாள் கழிச்சு வருவேன். இருபதுக்குக் கீழ வரணும். இல்லைன்னா அடுத்த தடவை இங்க குட்டி இறக்கலாம்னு என்னால எழுத முடியாது. கோவிச்சுக்காதீங்க அண்ணா."

கணவன் கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னும் மோசம். அன்று மத்தியானம் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தவன், "டவுன்ல குளிர்கிடங்குல ஆள் எடுக்கறாங்களாம். தங்க ரூம் தர்றாங்க. மாசம் ஒரு தடவை வரலாம்" என்றான்.

"மாசம் ஒரு தடவை வந்து என்ன பண்ணுவீங்க? விருந்தாளிக்குப் போடற மாதிரி முட்டை பொரிச்சுத் தரணுமா?"

"வேற வழி சொல்லேன்."

அவளுக்கு வழி தெரியவில்லை. ஆனால் இந்த மனிதர் எதிரே இல்லாமல் ஒரு தட்டை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட முடியாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. வாயாடிதான் என்றாலும் அதை அவனிடம் சொல்லிவிட மாட்டாள். எழுந்துபோய் டீயை ஊற்றிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஃபேன் மெக்கானிக் வந்தான். மூன்றையும் கழற்றி மாட்டி, தூசு ஊதி, பெல்ட்டை இறுக்கினான். "ஃபேன் சிங்கம் மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு சிங்கம் வாங்கிப் போட்டா சரியாயிடும்" என்றான்.

"இருக்கிற மூணு சிங்கமே சும்மா கர்ஜிக்குது. இன்னும் ரெண்டு எதுக்கு, பாட்டுப் பாடவா?" என்று அனுப்பி வைத்தாள் தையல்காரி.

அன்றிலிருந்து அவள் ஒரு காரியம் செய்தாள். டாக்டரம்மா உட்கார்ந்த அதே இடத்தில், அதே மாதிரி, தினமும் கால் மணி நேரம் போய் உட்கார்ந்தாள். ஒருவரும் சொல்லவில்லை. குட்டிகள் அவள் சட்டையைச் சப்பும், முதுகில் மோதும். கண் கரிக்கும், தொண்டை காந்தும். இதைத்தான் இதுகள் பகல் முழுக்கக் குடிக்கின்றன என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நின்றபடி ஏழு வருஷம் வேலை செய்திருக்கிறோம், ஒரு நாளாவது குனிந்து பார்த்தோமா என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

மூன்றாம் நாள்தான் அது கண்ணில் பட்டது. தையல் வேலை செய்கிறவள் உடம்பில் எங்கேயாவது ஒரு நூல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். சட்டைக் கையிலிருந்து ஒரு சிவப்பு நூல் தொங்கியது. எதிர்க்கோடியில் மூன்று ஃபேனும் காது கிழிய ஓடுகின்றன. நூல் மட்டும் தூக்குக்குண்டு போல நேராக நின்றது. எழுந்து நடந்து பார்த்தாள். எட்டாம் தடுப்பிலும் அப்படியே. ஐந்தில் லேசாக அசைந்தது. கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் பறந்தது பாருங்கள், கையைவிட்டே போய்விடும் போல.

கதவருகே மாமனார் நாற்காலியில் இருந்தார். சட்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியாம்மா? இவ்வளவு புழுக்கத்துலயும் எப்படிக் காத்து அள்ளுது! கதவு மட்டும் இல்லைன்னா அவ்வளவுதான், எல்லாம் வெந்து போயிருக்கும்."

"ஆமா மாமா" என்றாள். அப்போதைக்கு அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

சாயங்காலம் ஒரு கண்டு நூலை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு தடுப்புக்கும் மேலே உத்தரத்திலிருந்து ஒரு முழ நூலைத் தொங்கவிட்டாள். பன்னிரண்டு சிவப்பு நூல்கள்.

"என்ன இது, பன்னிக்குப் பாவாடை தைக்க அளவெடுக்கறியா?" என்றான் கணவன். சிரித்து நாளாயிற்று, அதனால் அவளும் கூடச் சிரித்தாள்.

"காத்து எங்க போகுது, எங்க போகலைன்னு தெரியணும். கண்ணுக்குத் தெரியாததைப் பிடிச்சுக் கேள்வி கேக்க முடியுமா?"

ஐந்து நாள் பார்த்தாள். பகலில் வேளாவேளைக்குப் பார்த்தாள். முதல் மூன்று நூல்கள் பறந்தன, நாலும் ஐந்தும் தயங்கின, ஆறிலிருந்து கடைசி வரை செத்த நூல். பலகை ஜன்னல்களைத் துடைத்துப் பார்த்தாள், அகலத் திறந்து பார்த்தாள், ஒரு பயனும் இல்லை. காற்று உள்ளே வரவேண்டிய ஜன்னலில் கையை வைத்தால் காற்றே படவில்லை.

அடுத்த நாள் மாமனாருக்கு முழங்காலில் ஊசி போடுகிற நாள். பக்கத்து வீட்டு வேனில் அவரை ஏற்றிக்கொண்டு மகன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். காவலுக்கு ஆள் இல்லை, தெரு நாய் நுழைந்துவிடும் என்று போகிறபோக்கில் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

பதினோரு மணிக்கு இரண்டு கையிலும் வாளியோடு உள்ளே வந்த தையல்காரி, குதிகாலால் கதவைத் தள்ளி மூடினாள். நாலு எட்டு வைத்திருப்பாள். வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு நூலும் சாய்ந்திருந்தன. ஒன்று விடாமல், ஒரே பக்கமாக, ஃபேனைப் பார்த்து. பன்னிரண்டாம் தடுப்பில் ஒரு குட்டிகூட உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாம் கால் நீட்டிப் படுத்து, காதை ஆட்டிக்கொண்டிருந்தன.

திரும்பிப் போய்க் கதவைத் திறந்தாள். கடைசி நூல்கள் பொத்தென்று விழுந்தன. மூடினாள். எழுந்தன. திறந்தாள், மூடினாள், திறந்தாள், மூடினாள். யாராவது பார்த்திருந்தால் இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஃபேன் சோம்பேறி; பக்கத்தில் கிடைக்கிறதை விட்டுவிட்டு நாற்பது எட்டு தள்ளிப் போய் எதற்கு இழுக்கும்? கதவு திறந்திருந்தால் ஐந்து எட்டில் இருக்கிற காற்றை வாங்கி அப்படியே வெளியே துப்பிவிடுகிறது. கடைசித் தடுப்புக்காரன் எக்கேடு கெட்டால் அதற்கென்ன? தையல்காரிக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். அந்தக் கதவில் சாய்ந்துகொண்டு தனியாகச் சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் அது யாருடைய கதவு என்று உறைத்தது.

சாயங்காலம் கணவனைக் கூட்டிக்கொண்டு போய்த் திறந்து மூடிக் காட்டினாள். அவன் நூலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, இதை அப்பாகிட்ட யாரு சொல்றது?" என்றான்.

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். பூனைக்கு யாரு மணி கட்டறது?"

"என்னால முடியாது. உனக்கு அந்தக் கதை தெரியாது. எனக்கு அப்ப ஒன்பது வயசு. அப்ப ஃபேன் கிடையாது, அந்தப் பக்கம் அரைச் சுவர்தான். ஒருநாள் புயல் வருதுன்னு சுத்தியும் தார்ப்பாய் கட்டிட்டு, கதவையும் சாத்திட்டு அப்பா கல்யாண வீட்டுக்குப் போயிட்டாரு. புயலும் வரலை, ஒண்ணும் வரலை. நல்ல வெயில் அடிச்சுது. வந்து பாத்தா நாப்பது பன்னி. ஒண்ணு மேல ஒண்ணு கதவுகிட்டயே கிடந்துது. அன்னிலேருந்து அவரு பகல்ல அந்தக் கதவைச் சாத்தினதே இல்லை. ஃபேன் போட்டு, சுவரெழுப்பினப்பகூட, 'என்ன வேணா பண்ணிக்கோ, கதவைத் தொடாதே'ன்னாரு."

தையல்காரி கதவின் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தாள். நாற்பது பன்றிகளை எண்ணிக்கொண்டு தினமும் எழுந்திருக்கிற மனிதரிடம் போய், நீங்கள் திறந்துவிட்ட கதவால்தான் குட்டி சாகிறது என்று எந்த வாயால் சொல்வது?

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் கடைசியில். "அவரே பாக்கட்டும்."

மறுநாள் பத்தரை மணிக்கு, பித்தான் தைக்க உட்காருகிற தன் குட்டை முக்காலியை எடுத்துக்கொண்டு மாமனார் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, எனக்காக ஒரு பத்து நிமிஷம் பன்னண்டாம் தடுப்புல உட்காரணும்."

"அவ்வளவு தூரமா? என் முட்டி என்னைத் திட்டும்மா."

"என் தோளைப் பிடிச்சுக்கோங்க. முட்டியை நான் சமாதானம் பண்றேன்."

நாற்பது எட்டு நடக்க அவர்களுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. முக்காலியில் அவரை மெதுவாக இறக்கினாள். குட்டிகள் அவர் முகத்துக்கு நேராக வந்து மூக்கை நீட்டின. பெரியவருடைய கண்ணில் நீர் கட்டியது. புறங்கையால் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"என்னம்மா இப்படிக் காந்துது? ஃபேன் நின்னு போச்சா?"

"ஓடுது மாமா. காதுல விழலையா?"

அவர் தலைக்கு மேலே நூலைப் பார்த்தார். அது அசையவில்லை. தூரத்தில் தன்னுடைய காலி நாற்காலியைப் பார்த்தார். அதன் முதுகில் போட்டிருந்த துண்டு பறந்துகொண்டிருந்தது. முப்பது வருஷம் பன்றியோடு வாழ்ந்த மனிதர், சும்மா ஆளில்லை. நெற்றி சுருங்கியது.

தையல்காரி நடந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா பண்ணே?" அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது.

"கதவை மூடினேன் மாமா."

அவர் நூலை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "திற."

திறந்தாள்.

"மூடு."

மூடினாள். நாலு தரம் திறக்கச் சொன்னார், நாலு தரம் மூடச் சொன்னார். அவள் போய்ப் பார்த்தபோது ஒரு குட்டியின் கடிபட்ட வாலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப நான் தினமும் விடியக்காலையில எழுந்து வந்து..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

ஆறுதல் சொல்ல அவளிடம் நூறு வார்த்தை இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. அதற்காகவே அவளை மெச்ச வேண்டும். "எழுந்திருங்க மாமா, தோளைப் பிடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மூன்று நாள் தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. பெரியவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. சூப் கொண்டு போய் வைத்தால் ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. கதவு மூடியே இருந்தது, நூல்கள் சாய்ந்தே இருந்தன, இருமல் நாளுக்கு நாள் குறைந்தது. வீட்டுக்குள் மட்டும் மூச்சு முட்டியது. கொட்டகைக்குக் காற்றைக் கொடுத்துவிட்டு அந்த மனிதரிடமிருந்து எடுத்துக்கொண்டோமோ என்று தையல்காரிக்கு மிஷினில் கால் ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தாள், பிரித்தாள்.

டாக்டரம்மா வருகிற அன்று விடியற்காலை, அடுப்பில் டீ கொதிக்கும் முன்பு, தாழ்ப்பாள் இழுபட்டது.

தையல்காரி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். போச்சு, திறந்துவிட்டார், இன்றைக்குப் பார்த்தா திறக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கதவு மூடியிருந்தது. அதற்கு வெளியே, கதவோரமாக நாற்காலியைப் போட்டு, பெரியவர் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தார். கையில் ஒரு குச்சி. குச்சி நுனியில் சிவப்பு நூல். கதவு விளிம்பு நெடுக அதை மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நூல் விருட்டென்று உள்ளே இழுபட்டது.

"பாத்தியா? இந்த இடுக்குல திருடுது" என்றார், நிமிராமல். "தாழ்ப்பாளும் லொடலொடன்னு ஆடுது, இழுத்துப் பாத்தேன். உன் தையல் கூடையில கந்தல் ஏதாவது இருந்தா கொண்டா."

ஒரு கூடை வெட்டுத் துணியையே கொண்டுவந்து கொட்டினாள். கதவைச் சுற்றிப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் நீலத்தில் ஒரு கரை வந்துவிட்டது.

டாக்டரம்மா ஒன்பது மணிக்கு வந்தாள். கதவில் கை வைக்கப் போனவளைப் பெரியவர் நாற்காலியை விட்டு எழாமலே நிறுத்தினார்.

"எத்தனை பேரு உள்ள போறீங்க?"

"நானும் இவங்க ரெண்டு பேரும்தான் ஐயா."

"சட்டுன்னு போங்க. வாசல்ல நின்னு கதை பேசக் கூடாது."

மூவரும் உள்ளே போனதும் கதவு முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. பன்னிரண்டாம் தடுப்பில் டாக்டரம்மா உட்கார்ந்தாள், மீட்டரைப் பிடித்தாள், ஒரு தட்டுத் தட்டினாள், மறுபடி பிடித்தாள்.

"பதினொண்ணு! எத்தனை ஃபேன் புதுசா போட்டீங்க?"

"பதினொண்ணா?" என்றான் கணவன். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஃபேன் ஒண்ணும் போடலை டாக்டர்" என்றாள் தையல்காரி. "கதவை மூடினோம்."

டாக்டரம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். கரண்ட் போய்விட்டது.

மூன்று ஃபேனும் முனகி முனகி நின்றன. விளக்கு அணைந்தது. பன்னிரண்டு நூலும் நேராக இறங்கின. குட்டிகள் எழுந்து நின்றன. "ஐயோ, கதவு!" என்று கணவன் திரும்பினான். நாற்பது எட்டு ஓட வேண்டும். இரண்டு எட்டுதான் வைத்திருப்பான்.

'டக்'கென்று தாழ்ப்பாள் கேட்டது. அந்தக் கோடியில் வெளிச்சம் விழுந்தது. வேலையை விட்டு நின்றுவிட்ட முழங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு, முதுகால் கதவை அகலத் தள்ளிப் பிடித்தபடி பெரியவர் நின்றார்.

"திறந்தாச்சு! பயப்படாதீங்க!" என்றார். அது மனிதர்களுக்குச் சொன்னதா, பன்றிகளுக்குச் சொன்னதா என்று தெரியவில்லை.

ஐந்தாறு நிமிஷம் அப்படியே நின்றார். கரண்ட் வந்தது. முதல் ஃபேன் எடுத்தது, இரண்டாவது எடுத்தது. அவர் நகரவில்லை. காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். மூன்றாவதும் சுற்றி வேகம் பிடித்த பிறகுதான் கதவு மெதுவாக மூடியது. சிவப்பு நூல்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

"சத்தம் நின்னா திறக்கணும், மூணும் ஓடினாத்தான் மூடணும்னு இவருக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"யாரும் சொல்லலை டாக்டர். அவருதான் எங்க கதவுக்காரர்."

மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "வெளிய வரணும்னா தட்டுங்க. நான்தான் திறப்பேன்!"

தையல்காரிக்குக் கண் கரித்தது. மீட்டர் பதினொன்றைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.